இது யாருடைய வீதி?

காலபோக நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. சிறுபோக விதைப்புக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடக்கிறது. இந்த இடைவெளியில்தான் எங்கள் சனம் ஒழுங்கை, மதகு, சந்தை, கட்டாக்காலி மாடு என்று ஊர்க்கதை எடுக்கும். அதனால் இம்முறை வந்த கடிதங்கள் அநேகமாகப் பிரதேச சபையைச் சுற்றியே நிற்கின்றன. நான் சபையின் வருமானப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால் என்னையும் சேர்த்துத் திட்டிய கடிதங்களும் உண்டு. பரவாயில்லை, திட்டுக்குள் ஒரு கேள்வி இருந்தால் அதை எடுத்திருக்கிறேன்.

அக்கா, மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையால் சைக்கிளும் போகாது. சபை உறுப்பினரிடம் போனால் "அது எங்களுடையது இல்லை" என்கிறார். பிரதேச செயலகத்தில் கேட்டால் சபையைக் கேட்கச் சொல்கிறார்கள். யாரைத்தான் பிடிப்பது?
— ஒரு குடும்பஸ்தர், முரசுமோட்டை

தம்பி, முதலில் வீதி யாருடையது என்று பிடியுங்கள். ஆளைப் பிறகு பிடிக்கலாம். உங்கள் வாசலால் போகும் பரந்தன் – முல்லைத்தீவு வீதி ஏ35. ஏ, பி என்று இலக்கம் போட்ட வீதிகள் எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம் இருக்கும் உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பிரதேச சபைக்கு. இதற்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் பாதி ஒழுங்கைகள் இரணைமடு வாய்க்காலின் கரைகள். அவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் சொத்து. அந்த இடத்தில் சபை ஒரு லோட் கிரவல் பறிப்பதென்றாலும் அவர்களின் சம்மதம் வேண்டும். உறுப்பினர் சொன்னது சாட்டாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம்.

சபை அலுவலகத்தில் வீதிப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. வீதியின் பெயர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நீளம், அகலம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். உங்கள் ஒழுங்கை அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "எங்கள் வீதியைத் திருத்தித் தரவும்" என்று மொட்டையாக எழுதக்கூடாது. எந்தச் சந்தியில் தொடங்குகிறது, எந்தக் காணியடியில் முடிகிறது, எத்தனை குடும்பம் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். நான் மேசையில் இருந்த காலத்தில் முத்திரை கேட்டு நிற்கிறவரின் கடிதத்தை ஒருவரும் லாச்சிக்குள் போட்டுவிடத் துணியமாட்டார்கள். வாயால் சொல்லிவிட்டுப் போனவரின் முறைப்பாடு அவர் படி இறங்கும்போதே அவரோடு இறங்கிவிடும்.

பதிவேட்டில் இல்லை என்றால் வேலை கொஞ்சம் நீளும். அதைச் சேர்க்கச் சொல்லித்தான் முதல் கடிதம் போக வேண்டும். பிரதேச செயலகத்தை இதற்குள் இழுக்காதீர்கள். அது மத்திய அரசாங்கத்தின் கந்தோர். விதானையாரும் அதன் கீழ்தான் வருகிறார், சபையின் கீழ் இல்லை.

கண்டாவளைச் சந்தி தாண்டிப் பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன். பாதி வீதியில் நெல் காய்கிறது. சபை ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறது?
— ஒரு ஆசிரியை, தருமபுரம்

முதல் பதிலையே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது: அது சபையின் வீதி இல்லை. மறிக்கும் அதிகாரம் பொலிசுக்கு உண்டு. ஆனாலும் உங்கள் கேள்வியை அப்படித் தட்டிவிட மனம் வரவில்லை.

ஏன் வீதியில் காயவிடுகிறார்கள்? இப்போது எல்லாம் வெட்டு மெசின். அந்தக் காலத்தில் அரிவு வெட்டி, உப்பட்டி வயலில் கிடந்து, சூடு வைத்து, மிதித்து வீட்டுக்கு வரும்போது நெல் தானாகக் காய்ந்திருக்கும். மெசினுக்குள்ளால் வரும் நெல் பச்சை ஈரத்தோடு பையில் விழுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் போட்ட விலை, கிலோவுக்கு, நாட்டு நெல் 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. ஈரநெல்லைத் தனியார் வாங்கும்போது விலையை எப்படி அடிப்பார்கள் என்று உங்கள் பக்கத்து வீட்டுக் கமக்காரரைக் கேளுங்கள். வீட்டு முற்றம் மணல். மண் கலந்தால் ஆலைக்காரர் முகத்தைச் சுழிப்பார். மிஞ்சுவது சுடச்சுடக் கிடக்கும் தார்தான்.

அதற்காக ஆளை விழுத்தலாமா? நெல்லை விட எனக்குக் கோபம் வருவது அந்தக் கற்களில். படங்கு பறக்காமல் இருக்கவும், வாகனம் ஏறாமல் இருக்கவும் சுற்றிவரக் கல் வைக்கிறார்கள். பின்னேரம் நெல்லை அள்ளிக் கட்டிக்கொண்டு போகும்போது கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இருட்டில் கறுத்த வீதியில் கறுத்த கல் தெரியுமா? நெல் கிடந்தால் பகலில் ஒதுங்கிப் போகலாம். இரவில் கிடக்கும் கல்லுக்கு வெட்டத் தெரிந்த ஓட்டுநர் இல்லை. கமக்காரர் அமைப்புகள் தங்கள் கூட்டத்தில் இந்த ஒன்றையாவது தீர்மானமாக எடுக்கலாம்: கல்லை எடுக்காதவருக்கு அடுத்த நாள் இடம் இல்லை.

சபை செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மாசி, பங்குனியில் சும்மா கிடக்கும் சீமெந்துத் தரைகளை, சந்தை வளவு, பொதுமண்டப முற்றம் மாதிரியானவற்றை, முறை வைத்துக் கொடுக்கலாம். இதை அடுத்த பாதீட்டுக்கு முன்னர் கேட்டால்தான் பிரயோசனம். அறுவடைக்குள் நின்று கேட்டால் ஒருவருக்கும் காது கேட்காது.

தவிசாளர் பெரியவரா, செயலாளர் பெரியவரா?
— ஒரு மாணவன், பரந்தன்

2023 மார்ச் 19 ஆம் திகதியோடு சபைகளின் ஆயுள் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6 ஆம் திகதி நடந்தது. ஜூன் மாதம் புதிய சபைகள் வந்தன. இடையில் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, செயலாளர் மட்டும் இருந்தார். குப்பை வண்டி வந்தது. ஆனால் "ஏன் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை" என்று சபையில் எழும்பிக் கேட்க ஓர் ஆள் இருக்கவில்லை. விடையை நீயே எழுது.

ஆதனவரிக் கழிவு தை மாதத்தோடு முடிந்துவிட்டதாமே?
— ஒரு கடைக்காரர், கிளிநொச்சி

பத்து வீதக் கழிவு முடிந்துவிட்டது. வருடத்துக்கான முழு வரியையும் ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன்னர் கட்டுகிறவருக்குத்தான் அது. ஆனால் காலாண்டுக்குக் காலாண்டு கட்டுகிறவருக்கு அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் ஐந்து வீதம் உண்டு. இரண்டாம் காலாண்டுக்கு ஏப்ரல் 30 கடைசி. புதுவருட லீவைக் கழித்துப் பாருங்கள், கந்தோர் திறந்திருக்கும் நாட்கள் குறைவு. "சபை எனக்கு என்ன செய்தது, நான் ஏன் கட்ட வேண்டும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேளுங்கள். அப்போது குரலுக்குத் தனிப் பலம் வரும்.

இரணைமடுவின் கீழ் சிறுபோகம் செய்கிறோம். விதைத்து முளைவிட்ட பிறகு மாடு புகுந்து மேய்கிறது. சபை பிடிக்கிறது, தண்டம் வாங்குகிறது, விடுகிறது; திரும்பவும் அதே மாடு. என்னதான் வழி?
— ஒரு விவசாயி, உருத்திரபுரம்

இதே வாரம் இன்னொரு கடிதமும் வந்தது. அதையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்: "மாட்டைக் கட்டி வை என்கிறார்கள். எங்கே கட்டுவது? மேய்ச்சல் தரவை என்று இருந்ததெல்லாம் போய்விட்டது. — ஒரு பண்ணையாளர், அக்கராயன்."

இரண்டு பேரும் சொல்வது சரி. அதுதான் தலையிடி.

சிறுபோகத்துக்கு முன் மாவட்டச் செயலாளர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தப் பகுதியில் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். வெறும் ஏக்கர்க் கணக்கோடு கூட்டம் முடிவதில்லை. தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, கடைசித் தண்ணீர்த் திகதி, அதோடு கால்நடைகளை வயலில் இருந்து அப்புறப்படுத்த வேண்டிய திகதியும் அங்கேதான் எழுதப்படும். எங்கள் ஆட்கள் ஏக்கர்ப் பங்குக்குச் சண்டை பிடித்துவிட்டு, மாட்டுத் திகதி வாசிக்கும்போது தேத்தண்ணிக்கு எழும்பிப் போய்விடுவார்கள். அந்தத் திகதிக்கு முன்னர் உங்கள் மாடு வயலுக்குள் நின்றால் ஒரு மாதிரி, பிறகு நின்றால் வேறு மாதிரி. நட்டம் கேட்கப் போகிறவர் கையில் அந்தக் கூட்டத் தீர்மானம் இருக்க வேண்டும். கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் பிரதி கேட்கலாம்.

சபையின் பங்கு கட்டாக்காலியைப் பிடித்து அடைப்பது, தண்டமும் பராமரிப்புச் செலவும் வாங்கி விடுவது, ஒருவரும் வராவிட்டால் ஏலத்தில் போடுவது. பிடிப்பதற்குள் படும் பாடு வேறு. ஏ9 வீதியில் இரவு படுத்திருக்கும் மாட்டை எழுப்பி, கயிறு போட்டு, உழவு இயந்திரப் பெட்டிக்குள் ஏற்றி, கொண்டுபோய்க் கட்டி, வைக்கோல் போட்டு, தண்ணீர் வைத்து... ஏற்றுகிற தொழிலாளிக்கு உதை விழுந்தால் அதற்கு ஒரு தலைப்பும் பாதீட்டில் இல்லை. விடிய உரிமையாளர் வருகிறார். அவருக்குப் பின்னால் சிபாரிசுக்கு இரண்டு தொலைபேசி அழைப்பு வருகிறது. அந்த அழைப்பு எடுக்கிறவர்களில் சில வேளை வயல் செய்கிறவரும் இருக்கிறார், உருத்திரபுரத்தவரே. மச்சானின் மாடு என்றால் மனம் இளகும்.

தரவை விடயத்தில் அக்கராயன்காரர் சபையோடு மட்டும் மல்லுக்கட்டி வேலையில்லை. மேய்ச்சலுக்கு என்று காணி ஒதுக்குவது பிரதேச செயலகத்தின் கையில். காடு என்று எல்லைக்கல் போட்ட இடம் வன இலாகாவின் கையில். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் இடம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். பண்ணையாளர் சங்கம் பதிவாக இருந்தால் அங்கே எழுத்தில் விடயத்தைக் கொடுக்கலாம். பதிவே இல்லாமல் ஆளாளுக்குப் போய் நின்றால் கதிரையும் கிடையாது.

பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கப் போனோம். சனம் போன பிறகு கிடந்த குப்பையைப் பார்க்க வயிறு எரிந்தது. கோயில் கூட்டுகிறதா, சபை கூட்டுகிறதா?
— ஒரு அம்மா, வட்டக்கச்சி

நானும் போயிருந்தேன் அம்மா. இரவு முழுக்கப் பானை பொங்குகிற இடத்தில் விடிய எத்தனை சாம்பல், எத்தனை தென்னம்பாளை, எத்தனை தண்ணீர்ப் போத்தல்! சாம்பலும் பாளையும் மண்ணோடு போய்விடும். போத்தல் போகாது.

இப்படியான திருவிழாவுக்கு முன்கூட்டியே ஆயத்தக் கூட்டம் வைத்து வேலையைப் பிரிப்பார்கள். தண்ணீர்ப் பவுசர், குப்பை, தற்காலிகக் கடைகளுக்கு இடம் அளந்து கொடுப்பது சபையின் பக்கம். கடைச் சாப்பாட்டைப் பார்ப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையைச் சேர்ந்தவர். பஸ், வாகனத் தரிப்பு, பொலிஸ் எல்லாம் தனித்தனி. கூட்டுகிறது சபைத் தொழிலாளிதான். ஆனால் கடைக்காரரிடம் நிலவாடகை வாங்கும் துண்டிலேயே "குப்பையை நீயே கட்டி வைக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போட்டு, அதற்குக் கொஞ்சம் வைப்புப் பணமும் வாங்கிவைத்தால் பாதி வேலை குறைந்துவிடும். கட்டி வைத்தவருக்குக் காசு திரும்பும். இதை அடுத்த வருடக் கூட்டத்தில் எழும்பிச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடும், நான் சொன்னால் பழைய கந்தோர்க்காரி கணக்குப் பார்க்கிறாள் என்பார்கள்.

நான் போன தேர்தலில் பட்டியலால் வந்த பெண் உறுப்பினர். பெயர் போட வேண்டாம். கூட்டத்தில் கதைக்க எழும்பினால் "நேரமில்லை, அடுத்த முறை" என்கிறார்கள்.

தங்கச்சி, பட்டியலால் வந்தேன் என்று நீங்களே தாழ்த்தி எழுத வேண்டாம். அறுபது வீதம் வட்டாரம், நாற்பது வீதம் பட்டியல் என்பது சட்டம் போட்ட கணக்கு. பெண்களுக்கு 25 வீதம் என்பது 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்து 2018 தேர்தலில் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இங்கே சபைக் கூட்டம் என்றால் ஆம்பிளையள் கூட்டம்தான்.

வாயால் எழும்பாதீர்கள். கூட்டத்துக்கு முன்பே பிரேரணையை எழுத்தில் செயலாளரிடம் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டால் "அடுத்த முறை" என்று சொல்வது கஷ்டம். சின்ன விடயத்தில் தொடங்குங்கள்: சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம், பூட்டுப் போட்டு, திறப்பு யாரிடம் என்று எழுதி. மறுக்கவும் ஏலாது, மறக்கவும் ஏலாது. நேரமில்லை என்று இருத்தினால், "என்னுடைய பிரேரணை எடுக்கப்படவில்லை என்பதைக் கூட்டறிக்கையில் பதியவும்" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு இருங்கள். அடுத்த மாதம் கூட்டறிக்கை வாசிக்கும்போது பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேரைப் பார்வையாளர் கதிரையில் கொண்டுவந்து இருத்துங்கள். சபைக் கூட்டம் பொதுமக்கள் பார்க்கலாம். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றால் சத்தம் தணியும்.

மதகு வேலை தொடங்கிக் கம்பியோடு நிற்கிறது. கொந்தராத்துக்காரரின் பலகையும் காணவில்லை. எவ்வளவு காசு ஒதுக்கினார்கள் என்று கேட்கலாமா?
— இளைஞர்கள், விசுவமடு

கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். எந்தக் கந்தோரின் வேலை என்று பிடித்து, அங்குள்ள தகவல் அலுவலரிடம் கொடுங்கள். தமிழில் கொடுக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கக்கூடாது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "மதகில் ஊழல் நடந்ததா" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தத் திகதி, முடிக்க வேண்டிய திகதி, இதுவரை கொடுத்த காசு என்று கேளுங்கள். பாலம் எல்லாவற்றையும் சபையின் தலையில் கட்டவும் வேண்டாம். வட்டுவாகல் பாலத்துக்கு 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி வந்து வேலை தொடக்கிவைத்தார், அது தேசிய மட்டத்து வேலை. உங்கள் மதகு அப்படியில்லை என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

சித்திரைக்கு வண்டில் சவாரி வைக்கிறோம். சபை அனுமதி வேண்டுமா?
— விளையாட்டுக் கழகத்தினர், கண்டாவளை

மைதானம் சபையுடையது என்றால் சபை, பள்ளிக்கூடத்துடையது என்றால் அதிபர், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ். தடியில் ஆணி வைக்கிறவரைத் திடலுக்குள் விடாதீர்கள். பின்னேர இடிமழை வரும் காலம், தொடக்கத்தைக் காலையிலேயே வையுங்கள்.

என் அம்மா சந்தையில் மோர்மிளகாயும் வேப்பம்பூ வடகமும் விற்கிறார். குத்தகைக்காரர் ஒரு நாள் ஒரு காசு, அடுத்த நாள் வேறு காசு வாங்குகிறார். கேட்டால் "வேண்டாமென்றால் வெளியே இருந்து வில்" என்கிறாராம்.
— ஒரு மகள், பூநகரி

மகள், சந்தையைக் குத்தகைக்கு விட்டாலும் கட்டணத்தைத் தீர்மானிப்பது சபை. குத்தகைக்காரர் வசூலிக்கிறவர் மட்டும்தான். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று சபை போட்ட கட்டணப் பட்டியல் இருக்க வேண்டும், அது சந்தை வாசலில் தொங்க வேண்டும். தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் பலகை இருக்கும், வாழைக்குலை அதற்கு மேல் தொங்கும்!

அம்மாவை ஒவ்வொரு நாளும் துண்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு ஒட்டிவையுங்கள். வடகத்துக்கு இருக்கும் இடம் ஒரு சாக்கு விரிக்கிற இடம்தானே, அதற்கு மரக்கறி லொறிக்குப் போடுகிற காசு போட ஏலாது. பக்கத்தில் இருக்கும் கீரைக்கார அம்மாவிடமும் துண்டு இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். கொப்பியோடு செயலாளரிடம் போங்கள். குத்தகை ஒப்பந்தத்தில் கட்டணத்துக்கு மேல் வாங்கினால் என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். துண்டு தர மறுத்தால் காசைக் கையில் வைத்துக்கொண்டு, "துண்டை எழுதுங்கோ, தாறன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லச் சொல்லுங்கள். வெளியே போய் இருக்கவே வேண்டாம். வெளியே இருந்தால் வீதியோர வியாபாரம் என்று அதற்கு வேறு ஆள் வருவார்.